சிங்கர் 99கே கைமெஷினும் அந்த மூன்று காது வாஷரும்

பழைய சிங்கர் 99கே கைத்தையல் மெஷின் ஒன்று 120 வெள்ளிக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தார் ஒரு நண்பர். தையலைப் பற்றிக் கவலையே வேண்டாம். நேர்த்தையல் மட்டும்தான் வரும், ஆனால் வேட்டி ஓரமோ ஜீன்ஸ் மடிப்போ ஒரே சீராக ஓடும். கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசியே போதும். பாபின், அதாவது கீழ்நூல் சுற்றும் குட்டி உருளை, 66 வகை. மேலும் கீழும் லேசாகக் குவிந்திருக்கும். தட்டையான 15 வகையைத் திணிக்காதீர்கள்.

எரிச்சலெல்லாம் கைச்சக்கரத்தில். பாபினில் நூல் சுற்ற நடுவிலுள்ள வட்டத் திருகைத் தளர்த்தினால் சக்கரம் மட்டும் சுற்றி, ஊசி நிற்க வேண்டும். நிற்காது. சக்கரத்தின் துளைக்குள் பழைய எண்ணெய் அரக்காக இறுகிக் கிடக்கும்.

வட்டத் திருகின் முகத்திலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, வட்டத் திருகைக் கழற்றுங்கள். உள்ளே வாஷர்: வெளியே மூன்று காது, உள்ளே இரண்டு நாக்கு. எடுக்குமுன் கைபேசியில் ஒரு படம். கைப்பிடியின் விரலைச் சக்கர ஆரத்திலிருந்து விலக்கிச் சக்கரத்தை உருவி, தண்டையும் துளையையும் மண்ணெண்ணெய்த் துணியால் கறுப்பு வராத வரை துடைத்து, மெஷின் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் விட்டால் மறுபடி அதே அரக்குதான்.

மாட்டும்போதுதான் வம்பு. நாக்குகள் மெஷினை விட்டு வெளிநோக்கி, நம் பக்கம் வளைந்திருக்க வேண்டும். அப்படியும் வாஷர் இரண்டு விதமாக உட்காரும், சரியானது ஒன்றுதான். தப்பாக உட்கார்ந்தால், வட்டத் திருகு இறுகுமுன் குட்டித் திருகு காதில் முட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. வாஷரை அரைவட்டம் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. இந்தச் சின்ன விஷயத்துக்காக மெஷினையே பழைய இரும்புக்குப் போடுபவர்கள் உண்டு!

நுனி சரிந்த ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். திருகின் வெட்டைத் தின்றுவிடும். பக்கங்கள் இணையாக, வெட்டை முழுக்க நிரப்பும் நுனி வேண்டும். பளபளப்புக்காக ஸ்பிரிட் தடவினால் மேலே பூசிய ஷெல்லாக் கரைந்து, பொன்னிறப் பூவேலையும் கூடவே போய்விடும். பாபின் பக்கத்துக் கம்பளித் துண்டுக்கும் ஒரு சொட்டு ஆயில். அது காய்ந்தால்தான் கடகட சத்தம்.

இவ்வளவு அழகாகத் தைக்கும் மெஷினை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கை எப்போதும் கைப்பிடியிலேயே மாட்டிக்கொள்ளும், வளைவுத் தையலில் துணியைப் பிடிக்க ஆளில்லை. மோட்டார் மெஷின் வாங்குங்கள். பிடிவாதமாக இதுதான் வேண்டுமென்றால், தூக்கிச் சாய்க்குமுன் அடித்தட்டின் பின்பக்கக் கீல் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் மெஷினின் தலை கழன்று காலில் விழும்.