எடின்பரோ வினாத்தாள்: வயது கூடித் தாயாகிறவர்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியப் பல நாடுகளின் மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் எடின்பரோ வினாத்தாளை ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவரும் 1987இல் வெளியிட்டனர். மொத்தம் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. கடந்த 7 நாள்களின் மனநிலையை மட்டுமே கேட்கிறது. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். முப்பத்தைந்தைக் கடந்தபின் பிள்ளை பெறுகிறவர்களுக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

இந்தத் தாளின் பெரிய பலம், அது கேட்காமல் விட்டவற்றில் இருக்கிறது. பொதுவான மனச்சோர்வுப் படிவங்கள் களைப்பையும் பசிக்குறைவையும் கணக்கில் சேர்க்கும். பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் இவை மனநலம் குன்றாத தாய்க்கும் உண்டு. வயது கூடியவர்களுக்கு அறுவைசிகிச்சைப் பிரசவமும் இரத்த அழுத்தச் சிக்கல்களும் கூடுதலாக நேர்வதால், உடல் தேறத் தாமதமாவதை மனச்சோர்வாக எண்ணிவிட இடமுண்டு. எடின்பரோ தாளோ தூக்கத்தைப் பற்றிக் கேட்கும் ஒரே இடத்திலும், வருத்தத்தால் தூக்கம் கெட்டதா என்றுதான் கேட்கிறது.

தாளில் வயதைக் கணக்கிட வழியில்லை என்பதை நான் குறையாகக் கருதவில்லை. வயது மட்டுமே அபாயத்தைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. முன்பு வந்த மனச்சோர்வு, கர்ப்பகாலப் பதற்றம், உதவிக்கு ஆளில்லாமை ஆகியவையே உறுதியாகத் தெரிந்த காரணங்கள். ஆனால் இவற்றையும் தாள் கேட்பதில்லை. ஆகவே தாளைக் கொடுக்கும் செவிலியர், கருச்சிதைவுகள், கருத்தரிப்புச் சிகிச்சை, பழைய மனநலப் பாதிப்பு ஆகியவற்றைத் தனியே விசாரித்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கலுக்குத் தாளைக் குறைசொல்ல முடியாது. நெடுநாள் காத்திருந்து பிள்ளை பெற்றவர், இத்தனை ஏங்கிப் பெற்றுவிட்டு அழுவதாவது என்ற கூச்சத்தில் விடையைக் குறைத்தே எழுதக்கூடும், அதுவும் குடும்பத்தார் அருகிலிருந்து எட்டிப்பார்த்தால் சொல்லவே வேண்டாம். தனியறையில் தராத இடங்களில் இந்தத் தாளின் மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன்.

3, 4, 5 ஆகிய கேள்விகள் தன்னையே பழித்துக்கொள்வது, காரணமற்ற கவலை, திகில் ஆகியவற்றைப் பற்றியவை. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தும் இம்மூன்றில் மட்டும் கூடுதலாக வந்தால், அதைக் கவனிக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். மொத்த மதிப்பெண்ணுக்கு வழக்கமான எல்லை சில இடங்களில் 10, சில இடங்களில் 13; எல்லையை எட்டினால் நோய் உறுதி என்று பொருளல்ல, மருத்துவர் நேரில் பேசிப் பார்க்க வேண்டும் என்றே பொருள். தைராய்டுக் கோளாறும் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டுவதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் பத்தாம் கேள்விக்கு மட்டும் கணக்கு வேறு: 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே பேசியாக வேண்டும்.

பிரசவமான சில நாள்களில் வரும் அழுகையும் தடுமாற்றமும் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் அடங்கிவிடும் என்பதால், அப்போதே நிரப்பித் தருவதில் பெரிய பயனில்லை. ஆறாவது வாரத்தை ஒட்டி ஒருமுறையும், மனச்சோர்வு முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம் என்பதால் சில மாதங்கள் கழித்து மறுமுறையும் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.