தொற்காளின் கைகளும் லீதியாளின் வாசலும்

வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டிலுள்ள அப்போஸ்தலருடைய நடபடிகளின் 9ஆம் அதிகாரத்தில் வரும் தொற்காளையும் 16ஆம் அதிகாரத்தில் வரும் லீதியாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆதித் திருச்சபைப் பெண்களின் தொண்டில் இரு வேறு வழிகள் புலப்படுகின்றன.

யோப்பா பட்டணத்துத் தொற்காளுக்குத் தபீத்தாள் என்றும் பெயர் உண்டு. சீஷி, அதாவது பெண் சீடர், என்ற பெண்பாற் சொல் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இவளுக்கு மட்டுமே வழங்கப்பட்டிருக்கிறது. அவள் பிரசங்கித்ததாகவோ சபையை நடத்தியதாகவோ ஒரு வரியும் இல்லை. ஆனால் அவள் இறந்தபோது, அருகிலுள்ள லித்தா ஊரிலிருந்து வந்த அப்போஸ்தலன் பேதுருவைச் சூழ்ந்து நின்ற விதவைகள், அவள் உயிரோடிருக்கையில் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அழுதுகொண்டே காட்டினார்கள். அவளைப் பற்றிப் பேச அந்தத் துணிகளே அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

தியத்தீரா ஊராளாகிய லீதியாளோ இரத்தாம்பரம் என்னும் ஊதா நிறத் துணி விற்கும் வணிகப் பெண். பிலிப்பியில் ஆற்றங்கரையில் அப்போஸ்தலன் பவுலின் சொல்லைக் கேட்டுத் தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றவள், உடனே தன் வீட்டில் தங்கும்படி பவுலையும் அவரோடு வந்தவர்களையும் வருந்திக் கேட்டுக்கொண்டாள். விருந்தோம்பல் என்று மட்டும் இதைச் சுருக்கிவிட எனக்கு மனமில்லை: பிறகு அதே ஊரில் அடிபட்டுச் சிறையிலிருந்து வெளிவந்த பவுலும் அவருடைய உடன் ஊழியர் சீலாவும் நேரே சென்றது அந்த வீட்டுக்குத்தான், ஊராரின் பகை தன்னையும் தொடரக்கூடும் என்ற நிலையிலும் அவள் கதவு திறந்தே இருந்தது.

துணிவுக்கு லீதியாளைக் காட்டுவேன். ஆயினும், வசதியும் வீடும் இல்லாதவர்களும் இன்றே பின்பற்றக்கூடியது தொற்காளின் வழி என்பதால், என் மனம் அவள் பக்கமே சாய்கிறது.