லாரி பழக எங்கே போவது: டிரைவிங் ஸ்கூலா, நாமக்கல்லா, குவாரி வண்டியா, ஆசான் பக்கத்து சீட்டா?

என் அக்கா மகனுக்கு 20 வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது. கார் லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருடம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் சாயா குடித்துக்கொண்டே, "மாமா, எனக்கு லைன் லாரிதான் ஓட்டணும், எங்க போய் பழகட்டும்?" என்றான். லைன் லாரி என்றால் வெளிமாநிலம் வரை லோடு கொண்டுபோகிற தூர ஓட்ட வண்டி. அக்கா என்னைத்தான் முறைத்தாள். பதினாறு வருடம் வடக்கே ஓடியவன் நான், அதனால் பையன் கெட்டுப்போனதற்கு நானே காரணம் என்பது அவள் கணக்கு. அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, தக்கலை பக்கம் இதே கேள்வியோடு சுற்றும் பையன்கள் நிறைய.

எந்த வழியில் போனாலும் காகித வேலை ஒன்றுதான், அதை முதலில் முடித்துவிடலாம். சரக்கு வண்டிக்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும். கனரக எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சான்று வேண்டும். எட்டாம் வகுப்பு பாஸ் என்ற நிபந்தனையை 2019-ல் எடுத்துவிட்டார்கள். லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் "சும்மா கொஞ்ச தூரம்" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்து யார் மேலாவது ஏற்றிவிட்டால், இன்சூரன்ஸ்காரர்கள் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டி முதலாளியிடம் வசூலிக்க வருவார்கள். முதலாளி யாரைப் பிடிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, டிரைவிங் ஸ்கூல். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கனரக வண்டி சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விதிப்படி 30 நாள் பயிற்சி, அதில் கையில் ஸ்டீயரிங் இருப்பது குறைந்தது 15 மணி நேரம். 15 மணி நேரம் என்பது லோடு வண்டி நாகர்கோவிலிலிருந்து பெங்களூர் போய்ச் சேருகிற நேரம், அவ்வளவுதான். அதுவும் வெற்று வண்டியில். வெற்று லாரியும் 28 டன் நிற்கிற பத்து சக்கர வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் பிரேக்கில் கால் வைத்தால் இரண்டு வேறு மிருகம். ஆனாலும் ஸ்கூலை நான் ஒதுக்கமாட்டேன். ஏர் பிரேக்கில் காற்று ஏறும்வரை வண்டியை நகர்த்தக்கூடாது, காற்று குறைந்தால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும் என்பதையெல்லாம் காரணத்தோடு யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். என்னுடைய முதல் டிரைவர் அதைச் சொன்ன விதம் தலையில் ஒரு தட்டு.

அடுத்தது நாமக்கல். அசோக் லேலண்டும் தமிழக அரசும் சேர்ந்து 1995-ல் தொடங்கிய டிரைவர் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சியும் உண்டு. அது போக, 2021 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்கள் என்று ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது, கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம், அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. டெஸ்ட்டில் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டாம். இந்த இடங்களில் நமக்கு உண்மையிலேயே கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: புது வண்டி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் டீசலோடு, புகையைச் சுத்தப்படுத்தும் டெஃப் திரவமும் தனியாக ஊற்ற வேண்டும், அது தீர்ந்தால் இன்ஜின் இழுவையைக் குறைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் எது நிற்கச் சொல்கிறது, எது ஒர்க்ஷாப் போகச் சொல்கிறது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். பழைய டிரைவர்கள் பலருக்கு இது வராது. கிளீனராக வந்த பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் நானே கற்றேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறை என்னவென்றால் நாமக்கல் நம்மிடமிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். போய்த் தங்கிப் படித்துவிட்டு ஊருக்கு வந்தால் கையில் சர்டிபிகேட் இருக்கும், லோடு ஆபீசில் உன்னை ஒரு மனுஷனுக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் வேலை கிடைப்பது முகத்தால்.

குவாரி வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசில்லை. நம் மாவட்டத்தில் சீக்கிரம் காசு பார்க்கும் வழி அதுதான், டாரஸ் என்கிற பெரிய லாரியில் ஏறி களியக்காவிளை வழியாக கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் கொண்டு தட்டிவிட்டு வருவது. ரிவர்ஸ் எடுக்கவும் மேட்டில் லோடோடு நிறுத்தி எடுக்கவும் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ட்ரிப் கணக்கில் சம்பளம். நகருக்குள் எந்த நேரம் வரலாம் என்று கட்டுப்பாடு வேறு இருப்பதால், கிடைத்த நேரத்துக்குள் எத்தனை ட்ரிப் என்பதுதான் மண்டையில் ஓடும். ஆறு மாதம் அப்படி ஓட்டினவன் லைன் வண்டியில் ஏறினால் முன்னால் போகும் வண்டியின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு போவான். அந்தப் பழக்கம் போவதற்கு இரண்டு வருடம் ஆகும், அதற்குள் என்னவும் நடக்கலாம்.

சின்ன வண்டி வழி ஒன்று இருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். சின்னமுட்டத்திலிருந்தோ தேங்காப்பட்டணத்திலிருந்தோ மீன் ஏற்றி கேரளா போகும் சின்ன வண்டிகள், தோவாளைப் பூ வண்டிகள், வாழைத்தார் வண்டிகள். கனரக லைசென்ஸுக்குக் காத்திருக்கிற வருடத்தை வீணாக்காமல் இருக்க நல்ல வழி. மீன் மட்டும் வேண்டாம். ஐஸ் உருகுகிறது என்று விரட்டுவார்கள்.

இனி ஆசான் விஷயம்.

கிளீனராக ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவது என்று எல்லோரும் ஒரே வழியாகப் பேசுகிறார்கள். அது ஒரு வழி இல்லை, இரண்டு. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன்.

முதல் ஆள் ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட்டில் சம்பள டிரைவர். பெயரும் கம்பெனியும் வேண்டாம். நான் ஏறின மூன்றாம் நாள், ராத்திரி ஒரு மணிக்கு, மதுரை தாண்டி, "எலே, பிடி" என்று ஸ்டீயரிங்கைத் தந்துவிட்டு பின்னால் ஏறிப் படுத்துவிட்டார். எனக்கு அப்போது கனரக எல்.எல்.ஆர். கூட இல்லை. ஊரில் கூட்டுக்காரர்களிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன், மூன்றே நாளில் பத்து சக்கரம் ஓட்டினவன் என்று. அவர் சொல்லித்தந்ததில் முக்கியமானது தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிப்பது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்த இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு விட்டுவிடுவார். இன்ஜின் சத்தம் அடங்கி காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும், எனக்கு அது சுகமாகக்கூட இருந்தது. மிச்சமான டீசல் அவர் கணக்கில். நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழு எடையும் பிரேக் லைனர் மேல் விழும், லைனர் சூடேறினால் பெடலை மிதித்தும் பிடிக்காது என்பது தெரிந்தபோது நான் இருபது தடவையாவது அப்படி இறங்கியிருப்பேன்.

இரண்டாவது ஆள் தக்கலைப் பக்கத்துக்காரர், சொந்த வண்டி, கடன் வாங்கி எடுத்த வண்டி, அவரே டிரைவர். நாங்கள் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ஏற்றி வடக்கே போய், நாக்பூர் பக்கமிருந்து ஆரஞ்சோ, நாசிக்கிலிருந்து வெங்காயமோ ஏற்றி வருவார். அவரிடம் எட்டு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. தார்ப்பாய் மடிப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது, காலையில் ஏர் டேங்கில் தண்ணீர் திறந்துவிடுவது, சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்பது, இதுதான் வேலை. இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்று போயிருந்தால் வெளியே பார்த்தால் தெரியாது, தட்டினால் தெரியும். நான் "ஆசானே, வண்டி எப்ப தருவிய?" என்று கேட்கும்போதெல்லாம், "வட்டி கட்டுறது நீயா?" என்பார்.

அப்புறம் தந்தார், ஆனால் வரிசையாக. முதலில் பார்க்கிங் யார்டில் ரிவர்ஸ் மட்டும். பிறகு வெற்று வண்டி, பகலில். பிறகு லோடு, நாலு வழிச் சாலையில், பகலில். பிறகு ஆரல்வாய்மொழிக் காற்று. ஆடி மாதத்தில் கணவாய்க்குள் வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், ஒன்றும் தெரியாது, காவல்கிணறு தாண்டி வடக்கே திரும்பியதும் விலாவில் அடிக்கும், தார்ப்பாய் போட்ட வெற்று வண்டி ஒரு பக்கமாக நகரும். பஸ்ஸையோ இன்னொரு லாரியையோ கடக்கும்போது அந்தக் காற்று ஒரு நொடி நின்று மறுபடி வரும், அந்த இடத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கித் திருப்பினால் போச்சு. இதை எந்த ஸ்கூலும் சொல்லித்தரவில்லை, சிமுலேட்டரில் உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். தொப்பூரைக் கடைசியாகத்தான் தந்தார். இறக்கத்துக்கு முன் நிறுத்தி, காற்று அளவைப் பார்த்து, ஏறும்போது எந்த கியர் போடுவோமோ அதில், இல்லாவிட்டால் ஒன்று குறைத்து. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஆசான் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான்: யார் சீக்கிரம் ஸ்டீயரிங் தருகிறாரோ அவரிடம் பழகாதே. அவர் உனக்குச் சொல்லித்தரவில்லை, தூங்கப் போகிறார். பையன்கள் தேடுவது நேர் எதிராக, "அந்த அண்ணன் உடனே வண்டி தருவாரு" என்று.

ஆனால் ஆசான் மாதிரி ஆட்களிடமும் குறை உண்டு. காசு குறைவு, கிளீனர் பேட்டாவில் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ரிட்டன் லோடு கிடைக்காவிட்டால் நாலு நாள் வெளியூரில் சும்மா கிடக்க வேண்டும். கடன் தவணை நெருங்கினால் அவரும் தூங்காமல் ஓட்டத்தான் செய்வார், ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரை எந்த வண்டியும் எனக்கு வேண்டாம் என்று சொன்ன அதே மனுஷன் மார்ச் மாதக் கடைசியில் அந்த விதியை மறந்துவிடுவார். அதைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல், இடமே குறைந்துவருகிறது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு, அதாவது நாடு முழுக்க ஓட அனுமதி வாங்கிய வண்டிக்கு, இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை 2018-ல் எடுத்துவிட்டார்கள். விதி இருந்த காலத்திலும் எல்லோரும் இரண்டு பேர் வைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கிளீனருக்கும் டிரைவருக்கும் நடுவில் இரண்டாம் டிரைவர் என்று ஒரு படி இருந்தது, நான் ஏறி வந்தது அந்தப் படியில்தான். இப்போது நிறைய வண்டியில் டிரைவர் தனியாகப் போகிறார், பக்கத்து சீட்டில் அவருடைய துணிப்பை உட்கார்ந்திருக்கிறது. 2025-லிருந்து புதிதாகச் செய்யும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். நாங்கள் இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டு உட்கார்ந்த சீட் இப்போது குளிரும், உட்காரத்தான் ஆள் இல்லை.

காகிதம் பழகுவதிலும் பக்கத்து சீட்டுதான் மேல். இ-வே பில், அதாவது சரக்கோடு இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும், நாக்பூருக்கு 1,700 சொச்சம், ஆக ஒன்பது நாள். தாராளம் என்று நினைப்போம். அடிலாபாத் பக்கம் கிளட்ச் பிளேட் போய், சாமான் ஹைதராபாத்திலிருந்து வர வேண்டும் என்றால் நாள் கரையும். முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்போ, முடிந்து எட்டு மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்க வேண்டும், அதைத் தாண்டினால் லோடுக்காரரிடமும் அதிகாரியிடமும் ஒரே நாளில் பேச்சு வாங்கலாம். இந்த எட்டு மணி நேரக் கணக்கு வகுப்பில் ஒரு வரி. ரோட்டோரத்தில், "ஹவா" என்று இந்தியில் எழுதிப்போட்ட பஞ்சர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, தெரிந்த பத்து இந்தி வார்த்தையை வைத்துச் சமாளிக்கும்போது அது மறக்காது.

வளைகுடா போய் டிரெய்லர் ஓட்டலாமே என்றும் கேட்டான். போகலாம், அங்கே போனதும் அந்த ஊர் லைசென்ஸுக்கு மறுபடி டெஸ்ட், ஏஜென்ட் முதலில் கேட்பது இங்கே எத்தனை வருடம் ஓட்டினாய் என்று. ஆக அது பழகுகிற இடம் இல்லை.

அவனுக்கு நான் போட்டுக்கொடுத்த வரிசை இது. ஒன்றாம் தேதியிலிருந்து மார்த்தாண்டத்தில் ஸ்கூல், எல்.எல்.ஆர்., லைசென்ஸ். நாமக்கல்லுக்கு இப்போது வேண்டாம், இரண்டு வருடம் லோடு ஓட்டிவிட்டுப் போனால் அங்கே சொல்வது இன்னும் நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம். எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், பரவாயில்லை. லைசென்ஸ் வரும்வரை வாழைத்தார் வண்டி. அதற்குப் பிறகு ஆசான்.

ஆசானுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, மருமகனோடு மாறி மாறி ஓட்டுகிறார். போன் பண்ணினேன். பையன் எப்படி ஓட்டுவான் என்று கேட்கவே இல்லை. ராத்திரி முழித்திருப்பானா, வாயை மூடிக்கொண்டு இருப்பானா என்று இரண்டு கேள்வி. "ரெண்டு கைலி, ஒரு நல்ல டார்ச். செருப்பு போட்டுட்டு வந்தா ஏத்தமாட்டேன், பெடலுக்கு அடியில போய் மாட்டும். ஷூ வாங்கிக் கொடு." பக்கத்தில் நின்ற அக்கா, எத்தனை நாள் கழித்து வண்டி தருவார் என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.