பரனோயா: பழைய எக்ஸ்பியா, 2017 பெட்டியா?

போயா லீவு நாட்களில் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு நண்பனின் வீட்டு விறாந்தையில் கூடுகிற ஆறு பேர் நாங்கள். முன்னர் 304 என்கிற காட்ஸ் விளையாட்டுத்தான் விளையாடினோம். பிறகு ஒருவன் கனடாவில் இருந்து வந்த சித்தப்பாவிடம் சொல்லி, ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையில் இருந்து கதை விளையாடுகிற பரனோயாவின் பெட்டியை எடுப்பித்தான், அன்றிலிருந்து அந்தக் காட்ஸ் கட்டு எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. வந்தது 2017 இன் ரெட் கிளியரன்ஸ் பதிப்பு. ஆனால் அதற்கு முதலே என் போனில் எக்ஸ்பி என்கிற 2004 பதிப்பின் பிடிஎப் இருந்தது, அதை வைத்து நாலைந்து தரம் விளையாடியும் இருந்தோம். ஆகவே எது திறம் என்ற சண்டை பெட்டி திறந்த அன்றே தொடங்கிவிட்டது. என் பக்கத்தை இங்கே எழுதிவிடுகிறேன், மற்ற ஐந்து பேரும் துரோகிகள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அல்ஃபா கொம்ப்ளெக்ஸ் என்று ஒரு மூடிய நகரம், அதை ஆள்வது மூளை குழம்பிய ஒரு கொம்பியூட்டர். மேசையில் ஒருவர் அந்தக் கொம்பியூட்டராக இருந்து கதையை நடத்துவார். அது தன்னை உங்கள் நண்பன் என்றே சொல்லும். சந்தோசமாக இருப்பது கட்டாயம், இல்லாவிட்டால் துரோகம், துரோகத்துக்கு மரணம். விளையாடுகிற நீங்கள் டிரபிள்ஷூட்டர், அதாவது டிரபிளைத் தேடிப் போய் ஷூட் பண்ணுகிறவர். சிக்கல் என்னவென்றால் நீங்கள் ஒரு மியூட்டன்ட், அதாவது பிறவியிலேயே விசித்திர சக்தி உள்ளவர், அதோடு ஒரு இரகசியச் சங்கத்திலும் உறுப்பினர், ரெண்டுமே துரோகம். மேசையில் இருக்கிற எல்லாருக்கும் இதே கதைதான். எனவே தப்ப ஒரே வழி பக்கத்தில் இருப்பவனை அவனுக்கு முதல் காட்டிக்கொடுப்பது. செத்தால் அடுத்த குளோன், அதாவது உங்கள் நகல், வரும், முதல் ஆளோடு சேர்த்து ஆளுக்கு ஆறு.

அங்கே நிறம்தான் அந்தஸ்து. அடியில் இன்ஃப்ராரெட், பிறகு சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று ஏறி உச்சியில் அல்ட்ராவயலட். சிவப்பு ஆள் மஞ்சள் கதவைத் தொட்டாலே சுடலாம். இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு நிமிசமும் போகவில்லை. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம் பார்த்து, கியூஆர் கோட்டை நீட்டி, மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் வாங்கிய ஆக்களுக்கு அல்ஃபா கொம்ப்ளெக்ஸ் என்ன பெரிய புதினமா?

பழைய பதிப்புகளை நான் போட்டியில் சேர்க்கவில்லை. 1984 இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் போட்ட முதல் பதிப்பில் யோசனை அருமை, விளையாட்டுகளுக்குக் கொடுக்கிற ஒரிஜின்ஸ் விருதும் அந்த வருசத்துக்கு வாங்கியது, ஆனால் திறமைகளைக் கிளை கிளையாகப் பிரித்து நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் பார்க்க வேண்டும். விதிகள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே துரோகம் என்கிற விளையாட்டில் இவ்வளவு கணக்கை யார் பார்ப்பது? 1987 இன் ரெண்டாம் பதிப்பு லேசானது, சிரிப்பும் கூட. 1995 இல் ஒன்று வந்தது. அதைப் பற்றி ரசிகர்களிடம் கேட்டால் அப்படி ஒன்று வரவே இல்லை என்பார்கள், பிறகு வந்த பதிப்பாளர்களே அதைப் பொருளே அல்ல என்று தள்ளிவிட்டார்கள். பிடிக்காத சரித்திரத்தை அழிப்பதில் இந்த ரசிகர்கள் கொம்பியூட்டரையே வென்றுவிடுவார்கள்.

சரி, 2004 க்கு வருவோம். வெஸ்ட் எண்ட் 1998 இல் வங்குரோத்தானது, உரிமை உருவாக்கியவர்களிடமே திரும்பி, அவர்களிடமிருந்து மொங்கூஸ் நிறுவனத்துக்குப் போனது. அலன் வார்னி எழுதி பரனோயா எக்ஸ்பி என்று வெளியிட்டார்கள். பிறகு மைக்ரோசொப்டுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, எக்ஸ்பி கழன்றது. ஒரு விளையாட்டுப் புத்தகத்தின் பெயரை உண்மையான கொம்பியூட்டர் கம்பனியே வந்து மாற்றுவிப்பதை விடப் பொருத்தமான விளம்பரம் வேறென்ன?

எக்ஸ்பியின் பெரிய பலம் மூன்று தினுசாக விளையாடலாம் என்பது. சேப் என்றால் கண்டதும் சுடு. கிளாசிக் நடுவில். ஸ்ட்ரெய்ட் என்றால் சும்மா சுட முடியாது, ஆதாரம் வேண்டும், முறைப்பாடு எழுத வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும். புதியவர்களுக்கு சேப் கொடுங்கள், ரெண்டு மணித்தியாலத்தில் ஆறு குளோனும் முடிந்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் மேசை சூடாவது ஸ்ட்ரெய்ட்டில்தான். ஒரு இரவு ஒருவனுடைய பூட்ஸ் நாடாவின் நிறம் பற்றி மூன்று பேர் மூன்று முறைப்பாடு கொடுத்து, மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்து, கடைசியில் முறைப்பாடு கொடுத்த மூவரும்தான் செத்தார்கள். நாடாக்காரன் உயிரோடு வீட்டுக்குப் போனான், அன்றைய ஒரே ஆள். அதோடு பேர்வெர்சிட்டி புள்ளிகள் என்று ஒன்று உண்டு: மேசையைச் சிரிக்க வைத்தால் கிடைக்கும், அதைச் செலவழித்து மற்றவன் உருட்டுகிற எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம். சாமானும் பெரிதாகத் தேவையில்லை. இருபது பக்கப் பகடை மட்டக்களப்பில் எங்கே தேடுவது, ஒன்று முதல் இருபது வரை துண்டுக் கடதாசியில் எழுதி பால்மா டின்னுக்குள் போட்டுக் குலுக்கினோம், விசயம் முடிந்தது.

2017 பெட்டியை எழுதியவர்கள் ஜேம்ஸ் வாலிஸ், கிராண்ட் ஹவிட், போல் டீன். பாத்திரம் உருவாக்குவதிலேயே இது எக்ஸ்பியை அடித்துப் போடுகிறது, மறுக்க மாட்டேன். நான் ஒரு திறமையைக் கூட்டி எடுத்தால் எனக்கு இடப்பக்கம் இருப்பவனுக்கு அதே திறமை அதே அளவு குறையும். விளையாட்டு தொடங்க முதலே ஆளுக்காள் கறுவிக்கொண்டு இருப்பார்கள்! சாதாரண ஆறு பக்கப் பகடைதான், ஐந்தோ ஆறோ விழுந்தால் வெற்றி, கூடவே கொம்பியூட்டர் படம் போட்ட ஒரு தனிப் பகடை, அந்தப் படம் விழுந்தால் ஐயா உங்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். சண்டையில் காட்ஸைக் கவிழ்த்து வைத்து எண்ணைப் பற்றிப் பொய் சொல்லலாம், மற்றவன் சந்தேகப்பட்டால் பிரட்டிப் பார்க்கலாம். 304 விளையாடிப் பழகிய கைகளுக்கு இது தண்ணி பட்ட பாடு. குறை என்றால் காட்ஸ் இல்லாமல் பாதி விளையாட்டு இல்லை. ஒருநாள் பிளேன்டி கவிழ்ந்து நாலு காட் ஊறிப்போனது, அதற்கு இங்கே மாற்று எங்கே?

ஆனால் என் தீர்ப்பு விதிகளால் வந்தது அல்ல, ஒரு சொல்லால் வந்தது. முதல் பதிப்பில் இருந்தே கொம்பியூட்டரின் பெரிய எதிரி கம்யூனிஸ்ட். எக்ஸ்பியிலும் அதேதான். இங்கே கம்யூனிஸ்ட் என்றால் மே தினத்தில் சிவப்புச் சட்டை போட்டுப் போகிற பக்கத்து வீட்டு மாமா. அவரைப் பிடிக்க ஒரு நகரமே ஆயுதத்தோடு அலைகிறது என்றால் சிரிப்பு தானாக வரும். 2017 இல் காலத்துக்கேற்ப அந்த எதிரியைப் பயங்கரவாதி ஆக்கிவிட்டார்கள். லண்டனில் இருந்து பார்த்தால் நியாயமான மாற்றம். நான் கொம்பியூட்டராக இருந்து, "தம்பி, உங்களுக்குப் பயங்கரவாதிகளோடு தொடர்பு இருப்பதாகத் தகவல் வந்திருக்கு" என்று வாசித்தபோது மேசை அமைதியானது. எங்களில் மூத்த அண்ணன் கையில் இருந்த பகடையை மெதுவாக வைத்தார். "மறுகா விளையாடுவம், தேத்தண்ணி ஊத்துங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. 1979 இல் தற்காலிக ஏற்பாடுகள் என்று பெயர் வைத்து ஒரு பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்து, 1982 இல் அதை நிரந்தரமாக்கி, பெயரில் தற்காலிகத்தை அப்படியே விட்டுவைத்த நாட்டில் அந்தப் பகிடிக்கு எழுத்தாளர் தேவையில்லை.

இன்னொரு சங்கதி. புத்தகத்தில் உள்ளபடி "நண்பர் கொம்பியூட்டர்" என்று கூப்பிட்டுப் பார்த்தோம், எடுபடவில்லை. "கொம்பியூட்டர் சேர்" என்று மாற்றியதும் எல்லாருடைய முதுகும் தானாக நிமிர்ந்தது. அது திரும்பி "தம்பி, சந்தோசமா இருக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கும்போதுதான் உண்மையான பயம் வருகிறது.

ரசிகர்களைப் பொறுத்தவரை எக்ஸ்பிக்கு ஒரு விசேசம் இருக்கிறது. வார்னி ரசிகர்களையே சேர்த்து டிரெய்ட்டர் ரீசைக்ளிங் ஸ்டூடியோ என்று ஒரு எழுத்தாளர் கூட்டத்தை உண்டாக்கி, அடுத்தடுத்த புத்தகங்களை அவர்களைக் கொண்டு எழுதுவித்தார். அதனால்தான் அந்த வரிசையில் வருகிற படிவங்கள், அறிவித்தல்கள், உதவாத புதுக் கருவிகள் எல்லாம் மேசையில் அடிபட்டு வந்தவை மாதிரித் தெரிகின்றன. 2017 பெட்டி வடிவாகச் செய்த பண்டம், ஆனால் எங்கள் கைக்கு முடிந்த பொருளாகத்தான் வந்தது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான்: பாத்திரத்தைப் பெட்டியின் முறையில் இடப்பக்கத்தானைக் கெடுத்து உருவாக்குவோம், அப்புறம் பெட்டியை மூடிவிட்டு எக்ஸ்பியின் ஸ்ட்ரெய்ட்டில் விளையாடுவோம், எதிரி கம்யூனிஸ்ட். 2023 இல் வந்த பர்ஃபெக்ட் எடிஷன் இன்னும் எங்கள் மேசைக்கு வரவில்லை. சித்தப்பா அடுத்த ஆடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், பெட்டிக்காரன் அதற்குள் என்னைப் பற்றி முறைப்பாடு எழுதத் தொடங்கிவிட்டான்.