கொழும்பு 1942 மிஷன்: யாருடைய கணக்கை நம்புவது?

மதுரையில் எங்கள் சின்ன கூட்டம் ஃப்ளைட் சிமுலேட்டரில் பழைய விமானச் சண்டைகளை மிஷனாகக் கட்டும் கூட்டம். லண்டன், பெர்லின் எல்லாம் ஆயிரம் பேர் கட்டியாகிவிட்டது, அதனால் இந்த முறை நமக்குப் பக்கத்திலேயே நடந்ததை எடுத்தோம்: 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு மீது ஜப்பானியத் தாக்குதல்.

எந்த ஆவணத்தை வைத்துக் கட்டுவது என்பதில்தான் சண்டை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) பதிவேடு, லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற வரிசை. இதில் 541 என்ற படிவம்தான் நமக்குத் தங்கம்: விமான எண், விமானி பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆனால் அடி வாங்கிய நாளில் யார் உட்கார்ந்து கட்டம் நிரப்புவார்கள்? பெரும்பாலும் பின்னால் ஒருவர் கேட்டு எழுதியதுதான். இன்னொரு பக்கம் ஜப்பானியக் கப்பற்படையின் கோடோ சோஷோ, அதாவது விமான அணிகளின் செயல்பாட்டு அறிக்கை. கப்பல் வாரியாக, அணி வாரியாக, யார் போனார், யார் திரும்பவில்லை என்று இருக்கும், இணையத்தில் இலவசம். கையெழுத்துப் பிரதி என்பதால் போன் செயலி பாதியைத் தப்பாகத்தான் படிக்கும், பொறுமை வேண்டும்.

ஜப்பானியக் கப்பற்படை எங்கே பறந்தாலும் கணக்கு டோக்கியோ நேரம்தான். இலங்கையிலோ போர்க்காலத்துக்காக அந்த ஜனவரியில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, கிரீன்விச்சை விட 6 மணி அதிகமாக வைத்திருந்தார்கள். அதாவது வித்தியாசம் சரியாக 3 மணி. இன்றைய ஐந்தரையை வைத்துக் கழித்தால் இரண்டு பதிவேடும் அரை மணி நேரம் ஒட்டாமல் நிற்கும், காலைச் சண்டையில் சூரியனும் தப்பான உயரத்தில் இருக்கும்.

சரி, வீழ்த்திய கணக்கு? பிரிட்டிஷ் தரப்பு ஏறக்குறைய இருபது என்றது. ஜப்பானியப் பதிவேட்டில் திரும்பாதவை 7 தான், ‘வால்’ (Val) என்ற வகைக் குண்டுவீச்சு விமானங்கள் 6, ‘ஜீரோ’ சண்டை விமானம் 1. யாரும் பொய் சொல்லவில்லை. அலங்காநல்லூரில் ஒரே மாட்டை நாலு பேர் அணைத்ததாகச் சத்தியம் செய்வது மாதிரிதான். 1940 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்திலேயே 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்து, உண்மையில் அறுபதை ஒட்டித்தான் விழுந்திருந்தது. பிரிட்டிஷ் எண்ணை வைத்து மிஷனைச் சமன்படுத்தினால் ஜீரோ விமானிகளையெல்லாம் கத்துக்குட்டிகளாக வைக்க வேண்டிவரும், அது அக்கிரமம். ஆகவே என் கட்சி இதுதான்: இழப்புக்கு அவரவர் சொந்தப் பதிவேடு, எதிரியின் இழப்புக்கு எதிரியின் பதிவேடு. கொழும்பைக் காத்த 258 ஸ்குவாட்ரன் 14 ஹரிக்கேன் சண்டை விமானங்களை ஏற்றி 9 இழந்தது என்று அவர்களே சொல்லும்போது சந்தேகப்பட என்ன இருக்கிறது?

விமானிகளின் நினைவுக் குறிப்புகள் மூன்றாவது. மேகம், பதற்றம், கொழும்பை ஒட்டிய ரத்மலானை விமானத்தளத்தில் குண்டு விழும்போதே 30 ஸ்குவாட்ரன் ஓடுபாதையிலிருந்து வானேறியது, இதற்கெல்லாம் அவைதான் உயிர். நேரத்துக்கும் எண்ணிக்கைக்கும் தொடவே கூடாது. நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் தனுஷ்கோடி வழியாக ஓடிவந்தவர்கள் கதையைக் கேட்கலாம், மிஷனில் வைக்க இடமில்லை.

இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடைக்கும் ருசியான விஷயம் ஒன்று உண்டு. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் 258 ஸ்குவாட்ரன் இருந்த ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரியவே தெரியாது. அதனால் 258 விமானிகள் தொந்தரவில்லாமல் ஏறினார்கள். எடிட்டரில் ரத்மலானையைத் தாக்குதல் இலக்காக வையுங்கள், திடலை வைக்காதீர்கள். அப்புறம், முந்தைய நாள் கனடிய விமானி பர்ச்சல் தன் கேட்டலினா கண்காணிப்பு விமானத்தில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு சுட்டு வீழ்த்தப்பட்டதை இதோடு சேர்க்காமல் தனி மிஷனாக்குவதே நல்லது. அதில் ஒரே ஒரு விமானம், கடல், ரேடியோ, அவ்வளவுதான்.