கிராங் சென்சாருக்கு ஷீல்டு ஒயர்: நான்கு வருஷம் ஓட்டிய பிறகு

என்னிடம் இருப்பது 2006 மாடல் பெட்ரோல் கார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், இந்த வயசு வண்டி எதற்கும் வரக்கூடிய கோளாறுதான். டிராஃபிக்கில் ஏசி போட்டு நிற்கும்போது கம்ப்ரசர் 'டக்' என்று பிடிக்கும். அந்த நொடியில் எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கும், சில நாள் அணைந்தே போகும். ஸ்கேனர் போட்டால் பி0336, அதாவது எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் கிராங் சென்சாரின் சிக்னல் சரியில்லை. சென்சாரை மாற்றினேன். இரண்டே நாளில் அதே குலுக்கல்.

சென்னை புதுப்பேட்டைப் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன்தான் கண்டுபிடித்தார். "சென்சார் நல்லாத்தான் சார் இருக்கு, ஒயரைப் பாருங்க" என்று மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துக் காட்டினார். எப்போதோ எலி கடித்த இடத்தில் யாரோ அரை அடி சாதா ஒயரை ஒட்டு போட்டிருக்கிறார்கள். வெளி மின் தொந்தரவு சிக்னலில் கலக்காமல் இருக்க ஒயரைச் சுற்றிக் கம்பெனி கொடுத்த உலோக உறை, அதாவது ஷீல்டு, அதோடு அறுந்துவிட்டது. போதாததற்கு, ஒட்டு போட்ட துண்டு ஸ்பார்க் பிளக் ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

இந்த இரண்டு ஒயர் சென்சாருக்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு சுருளும், அவ்வளவுதான். பல்சக்கரம் எதிரே சுற்றும்போது ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கும். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் விட்டு, அடையாளத்துக்காக இரண்டைக் குறைத்து 58 பல் வைத்திருப்பார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றச் சுற்ற இந்த அழுத்தமும் குறையும். ஸ்டார்ட் செய்யும்போது பல சமயம் ஒரு வோல்ட்கூடத் தேறாது. பக்கத்தில் போகும் பிளக் ஒயரிலோ ஆயிரக்கணக்கான வோல்ட். கம்ப்ரசர் கிளட்ச் போடும் மின் தெறிப்பு வேறு. நடுவில் இல்லாத ஒரு பல்லை இசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) எண்ணிவிட்டால் கணக்கு போச்சு.

சரி, நாமே மாற்றிவிடலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் மைக் கேபிள் இரண்டு மீட்டர் வாங்கினேன். அதுவும் ஷீல்டு ஒயர்தானே என்ற தைரியம். இரண்டு முனையிலும் எர்த் கொடுத்தால் டபுள் பாதுகாப்பு என்று நினைத்து, ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை இசியு எர்த்திலும் கட்டினேன். அதுவரை ஒழுங்காக ஸ்டார்ட் ஆன வண்டி, அதற்கும் தகராறு பண்ண ஆரம்பித்தது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது எஞ்சின் எர்த்தும் பாடி எர்த்தும் ஒரே அளவில் இருக்காது. பழைய வண்டியில் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வித்தியாசத்துக்கு என் ஷீல்டே பாதை ஆகிவிட்டது. எஞ்சின் பக்க எர்த்தைக் கழற்றியதும் அடங்கியது. ஆனால் எட்டு மாதத்தில் மைக் கேபிளின் பிவிசி உறை, சைலன்சர் மேனிஃபோல்டு சூட்டில் அப்பளம்போல் நொறுங்கிவிட்டது.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. டெஃப்லான் உறை, உள்ளே ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர், மேலே செம்புக் கம்பி பின்னிய ஷீல்டு. அலுமினியத் தாள் சுற்றியதும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் ஓயாமல் அதிரும் எஞ்சினில் தாள் கிழியும் என்று பின்னலையே எடுத்தேன். வளைப்பதற்குள் விரல் நோகிறது, அது ஒன்றுதான் குறை. ஷீல்டுக்கு இசியு பக்கம் மட்டும் எர்த். சென்சார் பக்கம் பின்னலை வெட்டி, எதிலும் படாதபடி பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். டெர்மினலுக்கு ஈயம் வைக்காமல், ஒயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைத்து கிரிம்ப் பண்ணினேன். ஈயம் ஏறிய ஒயர் விறைத்து, அது முடிகிற இடத்தில் அதிர்வில் ஒடியும். பிளக் ஒயரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோனேன்.

நான்கு வருஷம் ஆகிறது, 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. பி0336 ஒரு தடவைதான் வந்தது, அதுவும் வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள். கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் போய்விட்டது. ஒயர்மேல் பழி இல்லை.

அதே கையோடு, எஞ்சினுக்குள் தட்டும் சத்தத்தைப் பிடிக்கும் நாக் சென்சாருக்கும் இதே ஒயரைப் போட்டேன். அதன் சிக்னலும் மெல்லியது, அதனால் கம்பெனியிலிருந்தே பெரும்பாலும் ஷீல்டோடுதான் வரும். ஆனால் ஓட்டுவதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கூலன்ட் சென்சாருக்கும் போடலாமா என்று நண்பர் கேட்டார். காசு மிச்சம் பண்ணுங்கள் என்றேன். சூடு மெதுவாக ஏறி இறங்குகிற விஷயம், அங்கே இந்த ஆர்ப்பாட்டம் தேவையில்லை.

உண்மையில் சரிசெய்தது ஷீல்டா, பிளக் ஒயரை விட்டுத் தள்ளிப் போட்டதா, புது டெர்மினலா என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. போன வருஷம் வேண்டுமென்றே ஷீல்டு எர்த்தை மட்டும் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன். ஐந்து நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் கிண்டி பாலத்துக்குக் கீழே, கம்ப்ரசர் பிடித்த நொடியில் அந்தப் பழைய குலுக்கல். வீட்டுக்கு வந்ததும் எர்த்தை மாட்டிவிட்டேன்.