சேர்ந்து ஓடுவதா, தனியே ஓடிச் செய்தி அனுப்புவதா?

எடையும் குறைய வேண்டும், காம்ரேட்ஸும் (டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டப் பந்தயம்) ஓட வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நண்பர்கள் இரண்டு இரண்டு பேராகக் கிளம்புகிறார்கள். தினமும் சேர்ந்து ஓடலாமா, அவரவர் தெருவில் ஓடி வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டால் போதுமா என்பதுதான் கேள்வி.

செலவு
சேர்ந்து: புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து கடற்கரைக்குப் போய்வர பெட்ரோல்.
தனியே: கொஞ்சம் டேட்டா.

பாதுகாப்பு
சேர்ந்து: விடியுமுன் இருட்டில் துணை.
தனியே: வெளிச்சம் வரும்வரை காத்திருங்கள். கோடையில் அதற்குள் புழுக்கம் ஏறிவிடும்.

வேகம்
சேர்ந்து: மெதுவாக ஓடுபவர்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் சரியான அளவு.
தனியே: அவரவர் கால், அவரவர் வேகம்.

சாப்பாடு
எடை குறைவதில் பெரும்பங்கு இதற்குத்தான். இங்கே செய்தி அனுப்புவதே ஜெயிக்கிறது. ஒருநாள் இரவு என் நண்பன் பன்னி சௌ என்ற டர்பன் சாப்பாட்டின் படம் அனுப்பினான்: குடைந்த கால் ரொட்டி, விளிம்பில் ஆட்டுக்கறிக் குழம்பு வழிகிறது. நான் திட்டவில்லை. "அடுத்த தடவை என்னைக் கூப்பிடு, பாதி எனக்கு" என்றேன். அப்புறம் அவன் எதையும் மறைக்கவில்லை.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும், 5 கி.மீ. பார்க்ரன் (வாராவாரம் நடக்கும் இலவசப் பொது ஓட்டம்) வரை போதும் என்பவர்களுக்கும் செய்தி போதும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறக்குறைய 90 கி.மீ., 12 மணி நேரக் கெடு என்று காம்ரேட்ஸில் இறங்கியவர்கள் வார இறுதி நீண்ட ஓட்டத்தையாவது சேர்ந்தே ஓடுங்கள்.